நாவும் தீர்வையும்: இங்கிலாந்தின் வைன் வணிக வரலாறு

மாந்தர் உண்பனவும் பருகுவனவும் அவரவர் நாவின் விருப்பத்தால் அமைந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஒரு நாட்டார் தேநீரை விரும்புவதும், இன்னொரு நாட்டார் கோப்பியை விரும்புவதும், மற்றொரு நாட்டார் முந்திரிகைப் பழச்சாற்றிலிருந்து ஆக்கப்படும் வைனை விரும்புவதும் அவரவர் இயல்பு எனக் கூறி அமைவது எளிது. ஆயின் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். நாவின் விருப்பத்துக்குப் பின்னே துறைமுகச் சுங்கமும், அரசுகள் செய்த உடன்படிக்கையும், கடைக்காரனுக்கு வழங்கப்பட்ட அநுமதிப்பத்திரமும் நிற்கின்றன. இவ்வுண்மைக்கு இங்கிலாந்தின் வைன் வணிகம் தக்கதொரு சான்றாகும். மதுவின் நன்மை தீமைகளை அறநூலார் ஆராய்வர். செல்வர் மாளிகையின் நிலவறையிற் கிடந்த ஒரு பண்டம் பொதுமக்கள் செல்லும் அங்காடியின் தட்டுக்கு வந்து சேர்ந்த வழியை ஆராய்வது வரலாற்று மாணவனின் கடன்.

வைன் வணிகம் தமிழர் அறியாததொன்றன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்திற் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் பாடலொன்று புறநானூற்றில் உண்டு. 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த வைன் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. முசிறித் துறையிலிருந்து சென்ற சரக்குகளைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பப்பிரசு ஏடொன்று, உரோம அரசு அவற்றின் பெறுமதியில் நாலிலொரு பங்கைத் தீர்வையாகக் கொண்டதை அறிவிக்கின்றது. கலமும் தீர்வையும் அன்றே இணைபிரியாதிருந்தன. எனினும், பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ச்சியாக இவ்விணைப்பைக் காண்பதற்கு இங்கிலாந்தே சிறந்த களம். அந்நாட்டிற் சொந்தத் தோட்டங்கள் மிகச் சிலவே. ஆதலின் அங்குப் பருகப்பட்ட வைனில் மிகப் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. வந்தவை துறைமுகத்தில் எண்ணப்பட்டன.

1152ஆம் ஆண்டில் அக்குவிற்றேன் நாட்டுக் கோமகள் எலியனோர், ஆஞ்சூ நாட்டு ஹென்றியை மணந்தாள். 1154இல் அவன் இரண்டாம் ஹென்றி என்னும் பெயருடன் இங்கிலாந்தின் அரசனானான். இத்திருமணத்தாற் பொர்தோத் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த முந்திரிகைத் தோட்டங்களும் ஆங்கில முடியின் ஆட்சிக்குட்பட்டன. 1453இல் காஸ்தியோன் போரில் ஆங்கிலேயர் தோல்வியுறும் வரை, ஏறத்தாழ முந்நூறாண்டுக் காலம் இத்தொடர்பு நீடித்தது. ஆங்கிலேயர் பின்னாளிற் 'கிளாரெட்' என அழைத்த பொர்தோவின் செந்நிற வைன் அவர்தம் விருப்பப் பானமானது இவ்வரசியற் பிணைப்பினாலேயே. 1308–09ஆம் ஆண்டில் அப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1 இலட்சம் பீப்பாக்கள் ஏற்றுமதியாயின. 'தொன்' எனப்பட்ட அப்பீப்பா ஒன்று ஏறத்தாழ 900 லீற்றர் கொண்டது. எத்தனை பீப்பாக்களை ஏற்றலாம் என்பதைக் கொண்டே கப்பலின் கொள்ளளவு கணிக்கப்பட்டது. கப்பலின் அளவைத் தொன் கணக்கிற் கூறும் வழக்கு அதிலிருந்து தோன்றியதே.

பீப்பாவின்மீது விதிக்கப்பட்ட தொன் வரி ஆங்கில மன்னரின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாயிற்று. 1625இல் முதலாம் சார்ள்ஸ் அரியணையேறியபோது, அவ்வரியை வாழ்நாள் முழுவதற்கும் வழங்கும் பழைய மரபை விட்டு, ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப் பொதுமக்கள் சபை முன்வந்தது. சபையின் இசைவின்றியே மன்னன் அதனை அறவிட்டமை 1629இல் இரு தரப்பாரும் மோதிக்கொண்டதற்கு ஒரு காரணம். பாராளுமன்ற உரிமைகளின் வரலாற்றைக் கற்போர் வைன் பீப்பாவையும் அங்கே காண்பர்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தும் பிரான்ஸும் பகை நாடுகளாயின. 1678இற் பிரெஞ்சுப் பொருள்களின் இறக்குமதியைப் பாராளுமன்றம் தடை செய்தது. 1685இல் அத்தடை நீங்கியதாயினும், பின்னர் மூண்ட போர்களின்போது பிரெஞ்சு வைன்மீது கடுந்தீர்வைகள் சுமத்தப்பட்டன. 1703ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் லிஸ்பன் நகரிற் கைச்சாத்தான மெதுவின் உடன்படிக்கை இப்பகையின் விளைவாகும். ஆங்கிலக் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் ஏற்கும். அதற்கு ஈடாகப் போர்த்துக்கல் நாட்டு வைன்மீது பிரெஞ்சு வைனுக்குரிய தீர்வையிலும் மூன்றிலொரு பங்கு குறைவாகவே இங்கிலாந்து அறவிடும். உடன்படிக்கையின் சாரம் இவ்வளவே. ஆயின் அதன் பயன் பெரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்த வைனிற் பெரும்பங்கு போர்த்துக்கல்லினதாயிற்று. டோறோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைந்து ஒப்போர்ட்டோத் துறைமுகத்தால் ஏற்றப்பட்ட வைன் நெடும்பயணத்தைத் தாங்குமாறு அதனுடன் பிராந்தி சேர்க்கப்பட்டது. காலப்போக்கில், நொதித்தல் முற்றுப்பெறுமுன்னரே பிராந்தியைச் சேர்த்து இனிப்பை நிறுத்திக்கொள்ளும் முறை நிலைபெற்றது. இனிப்பும் செறிவும் மிக்க அப்பானமே 'போட்' எனப் பெயர் பெற்றது. கலப்படத்தைத் தடுக்கக் கருதிய போர்த்துக்கல் அமைச்சர் பொம்பால் 1756இல் டோறோப் பகுதியின் எல்லைகளை வகுத்தார். உலகிற் சட்டத்தால் எல்லை குறிக்கப்பட்ட மிகப் பழைய வைன் நிலங்களுள் அதுவும் ஒன்று.

இரண்டு தலைமுறைகளுள் போட் ஆங்கிலேயரின் இயற்கைப் பானம் எனக் கருதப்பட்டது. குளிர்நாட்டார்க்குச் செறிந்த மதுவே பொருந்தும் எனக் காரணமும் கற்பிக்கப்பட்டது. ஆனால், இங்கிலாந்திலும் குளிர் மிக்க ஸ்கொத்லாந்தில், 1707இல் இரு பாராளுமன்றங்களும் ஒன்றாகும் வரை பிரெஞ்சு வைன் தடையின்றி வந்தமையாற் கிளாரெட்டே விரும்பப்பட்டது. வேறுபட்டது தட்பவெப்பமன்று, தீர்வையே. பொருளியல் அறிஞரும் இதனைக் கவனியாது விடவில்லை. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் மெதுவின் உடன்படிக்கையால் இங்கிலாந்துக்கு நயமில்லை என வாதிட்டார். 1817இல் டேவிட் றிக்காடோ ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமும் இங்கிலாந்தின் துணியும் போர்த்துக்கல்லின் வைனுமேயாம். பொருளியல் மாணவர் இன்றும் பயிலும் அவ்வுதாரணம் ஏட்டுக் கற்பனையன்று. நூறாண்டுக்கு மேலாக நடைமுறையிலிருந்த வணிகத்தினின்றும் எடுக்கப்பட்டது.

1831இற் பிரெஞ்சு வைனுக்கும் போர்த்துக்கல் வைனுக்கும் தீர்வை சமமாக்கப்பட்டது. ஆயினும் அத்தீர்வை கலனொன்றுக்கு ஐந்து சிலிங்குக்கு மேலாக இருந்தமையால் வைன் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இந்நிலையை மாற்றியவர் திறைசேரி அமைச்சராயிருந்த கிளாட்ஸ்டன். 1860ஆம் ஆண்டு ஜனவரியில் றிச்சட் கொப்டன் பிரான்ஸுடன் செய்துமுடித்த வணிக உடன்படிக்கையைத் தழுவி, அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வைன் தீர்வையைக் கிளாட்ஸ்டன் 3 சிலிங்காகக் குறைத்தார். ஆங்கிலேயரின் சுவை மாறாதது, அவர்கள் மென்மையான பிரெஞ்சு வைனை ஒருபோதும் விரும்பார் என்னும் வாதத்தை அவர் ஏற்கவில்லை. உயர்ந்த தீர்வையே அச்சுவையை ஆக்கியது. தீர்வை மாறின் சுவையும் மாறும் என்பது அவர் கொள்கை. 1862இல் மதுசாரச் செறிவுக்கேற்ற தீர்வைமுறை நிலைபெற்றது. செறிவு குறைந்த வைனுக்குக் கலனொன்றுக்கு 1 சிலிங். செறிவு மிக்கதற்கு 2 சிலிங் 6 பென்ஸ். ஒரு கலன் ஏறத்தாழ ஆறு போத்தல்களாகும். எனவே, முன்னர்ப் போத்தலொன்றுக்கு ஏறத்தாழ 12 பென்ஸாக இருந்த தீர்வை, மென்மையான வைனுக்கு 2 பென்ஸாகக் குறைந்தது.

தீர்வைக் குறைப்பினும் கிளாட்ஸ்டன் செய்த மற்றொரு மாற்றம் ஆழமானது. 1860ஆம் ஆண்டுச் சட்டம் உணவுச்சாலைகளுக்கு வைன் விற்கும் உரிமையை வழங்கியது. 'ஒற்றைப் போத்தற் சட்டம்' என வழங்கும் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பலசரக்குக் கடைக்காரரும் சிறு கட்டணத்துடன் அநுமதிப்பத்திரம் பெற்று, ஒவ்வொரு போத்தலாக விற்க முடிந்தது. பீப்பாக் கணக்கிலும் டசின் கணக்கிலும் செல்வர்க்கு விற்ற பழைய வணிகர் இதனை வெறுத்தனர். பயன்படுத்திக்கொண்டவர் கில்பி சகோதரர். கிரைமியப் போரிலிருந்து மீண்ட வோல்ற்றர், அல்பிரட் ஆகிய இருவரும் 1857இல் இலண்டனில் நன்னம்பிக்கை முனை வைனை விற்கத் தொடங்கினர். குடியேற்ற நாட்டுப் பொருளென அதற்குத் தீர்வைச் சலுகையிருந்தமையே காரணம். 1860இல் அச்சலுகை நீங்கியதும் அவர்கள் பிரெஞ்சு வைனுக்கு மாறி, நாடெங்கும் பலசரக்குக் கடைக்காரரைத் தம் முகவராக்கினர். 1875இல் பொர்தோவை அடுத்த மெடொக் பகுதியில் லுடென் தோட்டத்தையே விலைக்கு வாங்கினர். நாட்டின் வைன் நுகர்வு பதினைந்து ஆண்டுகளுள் இரு மடங்குக்கு மேலாயிற்று. ஆனால் எதிர்ப்பும் எழுந்தது. மாவுக்கும் சீனிக்குமுரிய கணக்கோடு கணக்காக மதுவும் மறைவாக வீட்டினுட் புகும் என மருத்துவரும் மதுவிலக்கு இயக்கத்தாரும் கண்டித்தனர். எளிதிற் கிடைக்கும் பொருளால் விளையும் தீங்குக்கு யார் பொறுப்பு என்னும் வினா அன்று எழுந்தது. அது இன்னும் ஓயவில்லை.

கிளாட்ஸ்டனின் முயற்சி முழுப்பயன் தருமுன்னரே வேறோர் இடர் நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா என்னும் சிற்றுயிர் பிரான்ஸின் முந்திரிகைக் கொடிகளின் வேர்களை அழித்தது. 1868இற் பிளான்சோன் முதலிய ஆய்வாளர் அதனைக் கண்டறிந்தனர். 1875இல் 845 இலட்சம் ஹெக்டோலீற்றராயிருந்த பிரெஞ்சு உற்பத்தி 1889இல் 234 இலட்சமாகக் குறைந்தது. அமெரிக்க வேர்க்கொடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டும் முறையாலேயே தோட்டங்கள் மீண்டன. இடைக்காலத்திற் போலிச் சரக்குகள் பெருகியமையால் வாங்குவோர் நம்பிக்கை குன்றியது. இரு உலகப் போர்களும் உயர்ந்த தீர்வைகளும் தொடரவே, இங்கிலாந்தின் பொதுமக்கள் பியரோடும் தேநீரோடும் அமைந்தனர். வைன் மீண்டும் செல்வர் பானமாயிற்று.

இரண்டாம் மாற்றம் 1960களில் தொடங்கியது. அதன் களம் சுப்பர் மார்க்கட் எனப்படும் பேரங்காடி. வாங்குவோர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் முறையை 1950இல் குறொய்டனிலுள்ள தம் கடையிற் புகுத்திய செயின்ஸ்பரி நிறுவனத்தார், 1962இல் மது விற்பனைக்கான அநுமதிப்பத்திரம் பெற்றனர். வெளியே கொண்டுசென்று பருகும் மதுவைக் கடைகள் வழமையான வணிக நேரமெல்லாம் விற்க 1961ஆம் ஆண்டு அநுமதிச் சட்டம் இடமளித்திருந்தமையே இதற்கு வழியாயிற்று. உற்பத்தியாளர் குறித்த விலைக்கே விற்கவேண்டும் என்னும் கட்டுப்பாட்டை 1964ஆம் ஆண்டு மறுவிற்பனை விலைச் சட்டம் தளர்த்தியது. 1973இற் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தது.

அவ்வுறுப்புரிமையின் பயனாக எழுந்த வழக்கொன்று வரலாற்று மாணவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பியருக்கு விதிப்பதிலும் மிகுதியான வரியை வைனுக்கு விதித்துப் பிரித்தானியா உள்நாட்டுப் பியர்த் தொழிலுக்குப் பாதுகாப்பளிக்கின்றது என ஐரோப்பிய ஆணைக்குழு 1978இல் வழக்கிட்டது. பியர் பொதுமக்கள் பானம், வைன் விழாக்காலப் பானம். இரண்டும் போட்டிப் பொருள்களல்ல எனப் பிரித்தானியா விடையிறுத்தது. மக்களின் பழக்கம் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவது. உள்நாட்டுத் தொழிலின் நயங்கருதி அப்பழக்கத்தை உறையச் செய்ய வரியைக் கருவியாக்கலாகாது என 1980இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. 1983 யூலையில் இறுதித் தீர்ப்புப் பிரித்தானியாவுக்கு எதிராக அமைந்தது. 1984ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நைஜல் லோசன் வைன் தீர்வையைக் குறைத்துப் பியர்த் தீர்வையை உயர்த்தினார். கிளாட்ஸ்டன் பாராளுமன்றத்தில் வாதிட்ட கருத்தே நூற்றிருபது ஆண்டுகளின் பின் நீதிமன்றத்தில் வென்றது எனலாம்.

பேரங்காடியில் வைன் விற்கப்பட்டபோது வணிகத்தின் இயல்பே மாறியது. பழைய வணிகர் தம் வாடிக்கையாளரை அறிவர். எது நன்று என எடுத்துரைப்பர். பேரங்காடித் தட்டின் முன் நிற்பவர்க்கு எடுத்துரைப்பார் இலர். போத்தலின் சுட்டுத்தாளே பேசவேண்டும். கிராமத்தையும் தோட்டத்தையும் மட்டும் குறிக்கும் பிரெஞ்சுச் சுட்டுத்தாள் அறியாதவர்க்கு ஊமையாயிருந்தது. சார்டனே, சோவினியோன் எனப் பழவினத்தின் பெயரைப் பெரிதாகப் பொறித்த அவுஸ்திரேலியச் சுட்டுத்தாளோ எவர்க்கும் விளங்கியது. 1976 மே 24ஆம் நாள் பரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர், பெயர் மறைத்து நடத்திய சுவைத்தேர்விற் பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய வைன்களுக்கு முதலிடம் அளித்தனர். புகழ்பெற்ற பிரெஞ்சுத் தோட்டங்கள் தோல்வியுற்ற அச்செய்தி புதுநாட்டு வைன்களுக்குப் பெருமதிப்பை ஈட்டியது. 2000ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளிற் பிரித்தானியச் சந்தையில் அவுஸ்திரேலியா பிரான்ஸை முந்தியது.

வாங்குவோர்க்கு வழிகாட்டும் பொறுப்பும் புதியோர் கைக்கு மாறியது. வைன் வணிகத்தாரின் அறிவை அளவிட 1953இல் முதன்முறையாக நடத்தப்பட்ட 'மாஸ்ரர் ஒவ் வைன்' தேர்வில் 21 பேர் தோற்றி 6 பேரே சித்தியெய்தினர். பழைய வணிகர்க்கென அமைந்த அப்பட்டத்தைப் பிற்காலத்திற் பேரங்காடிகளின் கொள்வனவாளரும் பெற்றனர். 1980களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் நாளிதழ்ப் பத்திகளும் பேரங்காடி வைன்களைத் தனித்தனியே சுவைத்து மதிப்பிட்டன. கார்டியன் இதழில் மல்கம் குளக் எழுதிய பத்தி இவ்வகையிற் பெயர் பெற்றது. ஒரு காலத்திற் கனவான்களின் கழகங்களுக்குள் அடங்கியிருந்த அறிவு இவ்வாறு பொதுச்சொத்தாயிற்று.

புதுப்போக்குகளும் விரைந்து மாறின. 1970களில் ஜேர்மனியின் இனிப்பான லீப்பிறவ்மில்க் விரும்பப்பட்டது. பின்னர் அவுஸ்திரேலியச் சார்டனே. அதன்பின் நியூசிலாந்தின் மாள்பறோப் பகுதிச் சோவினியோன். மாள்பறோவிற் பெருமளவில் முந்திரிகை நடப்பட்டது 1973இலேயே. 2010களில் இத்தாலியின் நுரைவைனான புறொசெக்கோவுக்குப் பிரித்தானியா முதன்மைச் சந்தைகளுள் ஒன்றாயிற்று. தக்கையால் வைன் கெடுவதற்குரிய சேர்வை 1981இற் கண்டறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கிளெயர் பள்ளத்தாக்கினர் தம் றீஸ்லிங் வைனைத் திருகுமூடியிட்டு விற்றனர். மலிவான வைன் இப்போது பெரும்பாலும் கப்பற் கொள்கலனுக்குள் விரிக்கப்படும் நெகிழ்பையில், ஏறத்தாழ 24,000 லீற்றராக வந்து, பிரித்தானியாவிலேயே போத்தலில் அடைக்கப்படுகின்றது. போத்தல்களாக அடுக்கின் ஒரு கொள்கலன் அதிற் பாதியும் கொள்ளாது. மத்தியகாலத் 'தொன்' புதுவடிவிற் திரும்பியுள்ளது.

ஆயினும், தீர்வையின் கை இன்றும் விலகவில்லை. 2023 ஓகஸ்ட் 1ஆம் நாள் பிரித்தானியா மதுசாரச் செறிவுக்கேற்ற வரிமுறைக்கு மீண்டது. நூற்றுக்கு 11.5 முதல் 14.5 வரையான செறிவுடைய வைன் போத்தலொன்றுக்கு இடைக்கால ஏற்பாடாக 2.67 பவுண் தீர்வை விதிக்கப்பட்டது. இதனோடு பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 20. இவ்வீதங்களின்படி 5 பவுண் விலையுள்ள போத்தலில் 83 பென்ஸ் பெறுமதி சேர் வரியாகவும் 2.67 பவுண் தீர்வையாகவும் போக, எஞ்சுவது 1.50 பவுணே. கண்ணாடியும், கப்பற் கூலியும், கடையின் இலாபமும், தோட்டக்காரனின் உழைப்பும் அதற்குள் அடங்கவேண்டும். 10 பவுண் போத்தலிலோ எஞ்சுவது 5.66 பவுண். விலை இரு மடங்காகும்போது எஞ்சும் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. தீர்வை தரத்தைப் பார்ப்பதில்லை. அளவையும் செறிவையுமே பார்க்கின்றது. ஆதலால் மிக மலிந்த போத்தலை வாங்குவோர் பெரும்பாலும் வரியையே வாங்குகின்றனர். அதற்குச் சற்று மேலான விலையில், புகழ் மங்கிய வகைகளிலும் பெயர் பரவாத பகுதிகளிலும் தேடுவோர்க்கே நல்ல வைன் கிட்டும். பலர் விரும்பும் பெயருக்குச் செலுத்தும் மிகைவிலை அங்கே இல்லை. 2025 பெப்ரவரி முதல் இடைக்கால ஏற்பாடும் நீங்கி, செறிவின் சிறு வேறுபாட்டுக்கும் தீர்வை வேறுபடலாயிற்று. உற்பத்தியாளர் சிலர் தம் வைனின் செறிவையே குறைத்துள்ளனர். இன்றைய மென்வைன் போக்குக்கு உடல்நலக் கருத்து ஒரு காரணம். திறைசேரி மற்றொரு காரணம்.

மலிவின் மறுபக்கத்தையும் அரசுகள் நோக்கவேண்டியிருக்கின்றது. ஸ்கொத்லாந்து 2018 மே 1 முதல் மதுசார அலகொன்றுக்கு 50 பென்ஸ் குறைந்த விலையாக விதித்து, 2024 செப்ரெம்பர் 30இல் அதனை 65 பென்ஸாக உயர்த்தியது. இதனால் நூற்றுக்கு 12.5 செறிவுள்ள வைன் போத்தலை அங்கே 6.09 பவுணுக்குக் குறைய விற்றல் இயலாது. இது வரியன்று, மிகைக்குடியால் நேரும் உயிரிழப்பைத் தடுக்க எடுத்த சட்டம். 1861இற் பலசரக்குக் கடைகளைக் கண்டித்தோர் எழுப்பிய வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடைகளுள் ஒன்று.

எண்ணூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முடிபு தெளிவாகும். ஒரு திருமணம் கிளாரெட்டைத் தந்தது; ஓர் உடன்படிக்கை போட்டைத் தந்தது; ஒரு வரவுசெலவுத் திட்டம் போத்தலைப் பலசரக்குக் கடைக்குக் கொணர்ந்தது; ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் சில சட்டங்களும் அதனைப் பேரங்காடித் தட்டில் நிறுத்தின. ஒவ்வொரு காலத்தாரும் தமக்குக் கிடைத்ததையே தமது இயற்கைச் சுவை என நம்பினர். நாவுக்குச் சுதந்திரம் அறவே இல்லை என்பது இதன் பொருளன்று. தெரிவு செய்வதற்கு முன்வைக்கப்படும் பொருள்கள் எவை, அவற்றை அங்கு வைத்தவர் யார், எந்நோக்கத்துடன் வைத்தனர் என்பவற்றை வினாவும்போதே அச்சுதந்திரம் மெய்யாகின்றது. இவ்வினாக்கள் வைனுக்கு மட்டும் உரியனவல்ல. அரிசிக்கும் சீனிக்கும் துணிக்கும் அவை பொருந்தும். விலைச்சீட்டிற் காணும் தொகையைச் சட்டத்தினதும் வணிகத்தினதும் வரலாறாகப் படித்தறியும் பயிற்சியைப் பொருளியலும் வரலாறும் பயிலும் மாணவர் பெறுவாராயின், அக்கல்வி அவர்க்கு அங்காடியிலும் துணை நிற்கும்; வாக்களிக்கும் இடத்திலும் துணை நிற்கும்.